முதலாளி வீட்டுத் திண்ணை

அலுவலகத்தின் உள்வலையில் எழுதப்படுவதை இலக்கியக்காரர்கள் யாரும் எழுத்தாகக் கருதுவதில்லை. எழுதுகிறவர்களே கருதுவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கவிதை எழுதி யாருக்கும் காட்டாதவர்கள், முகநூலில்கூட இரண்டு வரிக்கு மேல் போகாதவர்கள், ஆபீஸ் உள்வலையில் ஐநூறு வார்த்தை எழுதி நான் பார்த்திருக்கிறேன். யாராவது கேட்டால் எழுதத் தோன்றுகிறது. கேட்பது முதலாளியாக இருந்தாலும்கூட.

பெரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். 'டிஜிட்டல் வொர்க்பிளேஸ்' என்று ஒன்று இருக்கும். சம்பளச் சீட்டு, விடுப்பு விண்ணப்பம், மருத்துவ க்ளெய்ம் எல்லாம் அதற்குள்தான். அதிலேயே ஒரு பக்கமாக வலைப்பூ சேனல்கள் இருக்கும். தலைமை நிர்வாகிக்கு ஒன்று, ஐடி பிரிவுக்கு ஒன்று, 'நம்மவர் கதைகள்' என்கிற தினுசில் ஊழியர்களுக்கு ஒன்று. பிடித்த சேனலுக்குச் சந்தா சேர்ந்துகொள்ளலாம். எழுதலாம். கீழே பின்னூட்டம் போடலாம். வெளியாள் பார்க்க முடியாது.

ஊரில் பழைய வீட்டுத் திண்ணை இப்படித்தான். வழிப்போக்கன் உட்காரலாம், பேசலாம், படுத்துக்கூடத் தூங்கலாம். ஆனாலும் வீடு ஒருத்தருடையது. அவர் வெளியே வந்து தொண்டையைக் கனைத்தால் பேச்சு மாறிவிடும். இந்தத் திண்ணைக்கு வயது 180 ஆண்டுக்கு மேல். கணினிக்கு முன்பே தொடங்கிவிட்ட கதை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவல் என்ற ஊர். துணி ஆலைகளின் ஊர். சுற்றுவட்டாரப் பண்ணைக் குடும்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் அங்கே கம்பெனி விடுதிகளில் தங்கி, ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் தறியில் நின்றார்கள். இரவில் கூடிப் படித்தார்கள், எழுதினார்கள். அந்தக் கூட்டங்களிலிருந்து 1840இல் 'லோவல் ஆஃபரிங்' என்ற இதழ் பிறந்தது. முழுக்க ஆலைப் பெண்கள் எழுதியது. முதலில் ஒரு பாதிரியார் பார்த்துக்கொண்டார். 1842இல் ஆலையில் வேலை செய்த ஹாரியட் ஃபார்லியும் ஹாரியட் கர்ட்டிஸும் ஆசிரியர்களானார்கள். அதே ஆண்டு சார்ல்ஸ் டிக்கன்ஸ் லோவலுக்கு வந்தார். விடுதியில் பியானோ, பெண்கள் சந்தா கட்டும் நூலகம், இந்த இதழ் ஆகிய மூன்றும் அவரை வியக்க வைத்தன. தன் அமெரிக்கப் பயண நூலில் அதைப் பதிவும் செய்தார். தொழிலாளிப் பெண் எழுதுவாள் என்பதே அன்றைக்கு ஐரோப்பாவுக்குச் செய்தி.

ஆலை முதலாளிகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? "பாருங்கள், எங்கள் பெண்கள் கதை எழுதுகிறார்கள்!"

அதே இதழில் ஆரம்பத்தில் எழுதியவர் சாரா பேக்லி. ஆலை வாழ்வில் உள்ள இன்பங்களைப் பற்றி 1840இல் ஒரு கட்டுரைகூட எழுதினார். நாலைந்து வருடம் போனது. தறிகளின் வேகம் கூடியது. ஒரு பெண் பார்த்துக்கொள்ள வேண்டிய தறிகளின் எண்ணிக்கையும் கூடியது. பேக்லி பெண் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார், 10 மணி நேர வேலை கேட்டுக் கையெழுத்து திரட்டினார். 1845 ஜூலையில் ஒரு பொதுக்கூட்டத்தில் அவர் போட்டு உடைத்தார்: ஆலையை விமர்சித்து எழுதியதை 'ஆஃபரிங்' போடவில்லை, அது முதலாளிகளின் குரல். ஃபார்லிக்குக் கோபம் வந்தது. இருவருக்கும் பத்திரிகைகளில் பதிலுக்குப் பதில் நடந்தது.

இந்தச் சண்டையில் ஃபார்லியை வில்லியாக்கிவிடுவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆலைப்பெண் என்றால் அறிவில்லாதவள் என்று நினைத்த உலகத்திடம், எங்களுக்கும் மனம் உண்டு, மொழி உண்டு என்று காட்ட வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்த நோக்கம் பொய்யில்லை. கூலியையும் நேரத்தையும் பற்றிப் பேசினால் இதழ் நிற்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். பேக்லி கேட்டது இன்னொன்று. எல்லாவற்றையும் எழுதலாம், தறியைப் பற்றி மட்டும் எழுதக்கூடாது என்றால் அது எப்படித் தறிக்காரியின் இதழ்? இரண்டு பேரும் நியாயமானவர்கள். 1845 முடிவில் இதழ் நின்றது. பேக்லி 'வாய்ஸ் ஆஃப் இண்டஸ்ட்ரி' என்ற தொழிலாளர் ஏட்டில் எழுதினார், சில காலம் அதன் ஆசிரியப் பொறுப்பிலும் இருந்தார். 10 மணி நேரக் கோரிக்கையை விசாரித்த சட்டமன்றக் குழுவின் தலைவர் வில்லியம் ஷூலர் என்ற பத்திரிகைக்காரர். கொஞ்ச காலம் 'ஆஃபரிங்' இதழையே கையில் வைத்திருந்தவர் அவர். சட்டம் தேவையில்லை என்று குழு கைகழுவிவிட்டது. இந்தக் கூத்தையெல்லாம் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்தவை நிறுவனமே நடத்திய இதழ்கள். அமெரிக்காவில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனி 1890இல் ஒன்று தொடங்கியது. இங்கிலாந்தில் சோப்பு விற்ற லீவர் சகோதரர்கள் 1899இல், சாக்லெட் விற்ற கேட்பரி 1902இல். யாருக்குக் கல்யாணம், யாருக்கு ஓய்வு, எந்த அணி கால்பந்தில் ஜெயித்தது. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளுக்குச் சொல்லும்படியாக அதிகம் இல்லை. நம் பக்கத்துத் தோட்டங்களில் அதுகூடக் கிடையாது. விடியுமுன் பெரட்டில் நின்று கிராணி சொல்வதைக் கேட்டுக்கொள்வதோடு சரி.

கணினி வந்ததும் கதை மறுபடி சூடு பிடிக்கிறது. 1973இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்ற கல்விக் கணினி அமைப்பில் டேவிட் வூலி என்ற 17 வயதுப் பையன் 'நோட்ஸ்' என்ற நிரலை எழுதினான். ஒருவர் குறிப்பு எழுதுவார், அதன் கீழே மற்றவர்கள் பதில் எழுதுவார்கள். அவ்வளவுதான். இன்றைய பின்னூட்டப் பெட்டிக்குத் தாத்தா அது. அங்கே படித்த லென் காவெல் பிறகு டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலைக்குச் சேர்ந்தார். சுருக்கமாக 'டெக்'. பிளேட்டோவில் பழகியதை அங்கே மறுபடி செய்தார். டெக்கின் உள்வலையில் இந்த நோட்ஸ் காட்டுத்தீ போலப் பரவியது. நிரல் பிழை பற்றிப் பேச ஒரு குழு, சமையலுக்கு ஒரு குழு, காருக்கு ஒரு குழு, பெண்கள் பேச ஒரு குழு, சும்மா சண்டை போட ஒரு குழு. பெரும்பாலும் ஊழியர்களே தொடங்கி ஊழியர்களே நடத்தியவை.

டெக்கின் தலைமையகம் இருந்த இடம் மேனார்ட் என்ற ஊரில் ஒரு பழைய கம்பளி ஆலை. 1957இல் கம்பெனி பிறந்ததே அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியில்தான். ஊழியர்கள் அதை 'மில்' என்றே அழைத்தார்கள். லோவலும் அதே மாநிலம், தொலைவும் அதிகமில்லை. தறிகள் நின்ற தரையில் கணினிகளை வைத்து மறுபடியும் தொழிலாளர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா இடத்திலும் திண்ணை இவ்வளவு தாராளமாக இல்லை. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த ஷொஷானா ஸுபாஃப் 1988இல் வெளியிட்ட 'இன் தி ஏஜ் ஆஃப் தி ஸ்மார்ட் மெஷின்' நூலில் ஒரு மருந்து நிறுவனத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. உண்மைப் பெயரைச் சொல்லாமல் 'டிரக்கார்ப்' என்று அழைக்கிறார். அங்கே கணினி வழி உரையாடல் அமைப்பு வந்தபோது ஊழியர்கள் மகிழ்ந்து போனார்கள். பக்கத்து மேசைக்காரரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை, பார்த்தே இராத வேறு பிரிவு ஆளிடம் எழுதிக் கேட்டார்கள். பதவி தெரியாத இடத்தில் யோசனைக்குத்தான் மதிப்பு. பிறகு பெண் ஊழியர்கள் தங்கள் தொழில் முன்னேற்றம் பற்றிப் பேச ஒரு தனிக்குழு தொடங்கினார்கள். மேலிடத்துக்கு உடனே வயிற்றைக் கலக்கியது. இவர்கள் அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள்? நாளைக்குக் கோரிக்கையாக வருமோ? குழுவில் இருப்பது நல்லதுக்கில்லை என்ற பேச்சு கசிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். எழுதியது அழியாமல் இருக்கும், அதை யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்பது புரிந்ததும் மற்ற குழுக்களிலும் பேச்சு தணிந்தது. கருவி அப்படியே இருந்தது, பேசுகிற ஆள்தான் இல்லை.

என் பார்வையில் உள்வலை எழுத்தின் வரலாற்றில் முக்கியமான அத்தியாயம் இதுதான். யாரும் தடை போடவில்லை. உத்தரவு வரவில்லை. எழுத்து மட்டும் நின்றுபோனது. இன்றைக்கு எத்தனையோ அலுவலகங்களில் 'ஏன் நம்ம சேனல்ல யாருமே எழுத மாட்டேங்கிறாங்க' என்று கூட்டம் போட்டுக் கேட்கிறார்கள். டிரக்கார்ப் பெண்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

பிளேட்டோவில் பழகிய இன்னொருவர் ரே ஓஸி. காவெல் டெக்கை விட்டு வந்து அவரோடு சேர, அவர்கள் உருவாக்கிய 'லோட்டஸ் நோட்ஸ்' 1989இல் விற்பனைக்கு வந்தது. 1995இல் ஐபிஎம் லோட்டஸ் கம்பெனியை 350 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ஐபிஎம்மில் 2003 ஜூலையில் ஒரு காரியம் நடந்தது. நிறுவனத்தின் விழுமியங்கள் என்னென்ன என்று உலகெங்கும் உள்ள எல்லா ஊழியர்களும் 72 மணி நேரம் உள்வலையில் விவாதிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். முதல் சில மணி நேரங்களில் வந்ததெல்லாம் காறித்துப்பல்தான். பயந்துபோன மேலதிகாரி ஒருவர் இதை நிறுத்திவிடலாம் என்று சொல்ல, தலைவர் சாமுவேல் பால்மிசானோ மறுத்துவிட்டார். திட்டித் தீர்ந்த பிறகுதான் மக்கள் பேசத் தொடங்கினார்கள். ஐபிஎம் ஊழியர்களுக்கான உள் வலைப்பூத் தளம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். 2005இல் வலைப்பூ எழுதுவதற்கான விதிமுறைகளை அங்கே ஊழியர்களே ஒரு விக்கியில் கூடி எழுதினார்கள். எழுதுவதற்கு நீயே பொறுப்பு, சொந்தப் பெயரில் எழுது என்பவை அதன் சாரம்.

சொந்தப் பெயரில் எழுது என்பது சொல்ல எளிது. 2004இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் பெயர் சொல்லாமல் 'மினி-மைக்ரோசாஃப்ட்' என்ற பொது வலைப்பூவைத் தொடங்கினார். கம்பெனி பெருத்துவிட்டது, இளைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அங்கே ஒரு மதிப்பீட்டு முறை இருந்தது. ஒரு குழுவில் எல்லோரும் திறமைசாலிகளாக இருந்தாலும் குறிப்பிட்ட சிலருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். பக்கத்து இருக்கைக்காரன் தோற்றால்தான் நான் ஜெயிக்க முடியும் என்றால் யார் யாருக்கு உதவுவார்கள்? உள்ளே பேச முடியாததையெல்லாம் அந்த வலைப்பூவின் பின்னூட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் பெயரில்லாமல் கொட்டினார்கள். போதாததற்குத் துண்டு விவகாரம் வேறு. சைக்கிளில் வந்து குளித்து உடை மாற்றுகிறவர்களுக்கு ஆபீஸில் வைத்திருந்த துண்டுகளைச் செலவு மிச்சம் என்று 2004இல் நிறுத்தியிருந்தார்கள். கோடிகோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனி துண்டில் மிச்சம் பிடிக்கிறது! துண்டு ஒரு குறியீடாகவே ஆகிவிட்டது.

2005இல் மனிதவளத் துறைக்குத் தலைவராக வந்தவர் லிசா பிரம்மல். அந்தத் துறையில் முன் அனுபவம் இல்லாதவர், பொருள் தயாரிப்புப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் உள்வலையில் தன் பெயரில் வலைப்பூ தொடங்கினார். ஊழியர்கள் அதில் பின்னூட்டமிட்டு நேருக்கு நேர் கேட்டார்கள். 2006 மே மாதம் துண்டு திரும்பி வந்தது. மதிப்பீட்டு முறையையும் தளர்த்துவதாக அறிவித்தார்கள். துண்டு நிலைத்தது, தளர்வு நிலைக்கவில்லை. வேறு உருவில் பழைய முறையே திரும்பியது. 2013 நவம்பரில்தான் அதைக் கைவிடுவதாக அதே பிரம்மல் ஊழியர்களுக்கு எழுதினார். ஆக, துண்டுக்கு இரண்டு வருடம், நியாயத்துக்கு ஒன்பது வருடம். உள் சேனலால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். வெளியே பெயரில்லாத ஒருவர் இல்லாமல் உள்ளே பெயரோடு ஒரு சேனல் திறந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இந்தியாவிலிருந்து ஒரு கதையும் உண்டு. ஹெச்சிஎல் டெக்னாலஜீஸுக்கு 2005இல் தலைமையேற்ற வினீத் நாயர் உள்வலையில் 'யூ அண்ட் ஐ' என்று ஒரு பகுதி தொடங்கினார். யாரும் எந்தக் கேள்வியும் கேட்கலாம். கேள்வியையும் பதிலையும் எல்லா ஊழியர்களும் பார்க்கலாம். தன்னைப் பற்றி மற்றவர்கள் செய்த மதிப்பீட்டையும் உள்வலையில் எல்லோரும் பார்க்கப் போட்டார். மேலாளர்களுக்கு உதறல். அழுக்குத் துணியை நடுவீதியில் அலசுகிறார் என்று நினைத்தார்கள். அவர் 2010இல் எழுதிய நூலில் இதையெல்லாம் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார். தலைவர் எழுதிய புத்தகத்தைத் தலைவர் எழுதியதாகவே படிக்க வேண்டும். ஆனாலும் கேள்வி கேட்டவன் பெயரும், பதில் சொன்னவன் பெயரும், இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள் என்பதும் கண்ணெதிரே கிடப்பது சாதாரண விஷயமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2018 டிசம்பரில் ஐபிஎம் தன்னிடமிருந்த லோட்டஸ் நோட்ஸையும், உள் வலைப்பூக்களுக்கான 'கனெக்ஷன்ஸ்' மென்பொருளையும், இன்னும் சிலவற்றையும் சேர்த்து 180 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. வாங்கியது ஹெச்சிஎல். 17 வயதுப் பையன் இல்லினாயில் எழுதிய யோசனை கம்பளி ஆலை, லோட்டஸ், ஐபிஎம் என்று கைமாறி, தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த சிவ நாடார் நிறுவிய கம்பெனிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தமிழர் பெருமை பேச இதில் ஒன்றுமில்லை. ஆனால் திண்ணையின் பட்டா இப்போது யார் பெயரில் என்று தெரிந்து வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அண்மைக் காலத்தில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. பேஸ்கேம்ப் என்ற சிறிய நிறுவனம். ஊழியர்கள் ஒன்றுகூடிப் பேசுவதற்கான மென்பொருளை விற்பதே அவர்கள் தொழில். வாடிக்கையாளர்களின் 'வேடிக்கையான' பெயர்களைச் சேர்த்து ஒரு பட்டியலை உள்ளே பல வருடம் வைத்திருந்தார்கள். அதில் ஆசிய, ஆப்பிரிக்கப் பெயர்களும் இருந்தன. அது சரியில்லை என்று ஊழியர்கள் உள்வலையில் பேசத் தொடங்கினார்கள். பேச்சு நீண்டது. 2021 ஏப்ரலில், இனிச் சமூக, அரசியல் விவாதங்கள் கம்பெனிக் கணக்கில் கூடாது என்று உரிமையாளர்கள் அறிவித்தார்கள். சில நாட்களில் ஊழியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பணம் வாங்கிக்கொண்டு விலகினார்கள். மளிகைப் பட்டியல் போல ஒரு பட்டியல்தான். முத்துக்கருப்பன், சுப்பம்மா என்று பெயர் உள்ள வீட்டிலிருந்து வருகிற நமக்கு அதில் சிரிப்பு வராது.

என் கவலை இதைவிடச் சின்னது. பேச்சுரிமையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எழுதியது எங்கே போகிறது? 'லோவல் ஆஃபரிங்' அச்சில் வந்ததால் பிழைத்தது. நூலகங்களில் இருக்கிறது. ஃபார்லி போட்டதையும் படிக்கலாம், பேக்லி வேறு இடத்தில் எழுதியதையும் படிக்கலாம். டெக் 1998இல் காம்பேக்கிடம் போனது, காம்பேக் 2002இல் ஹெச்பியிடம் போனது. ஊழியர்கள் வருடக்கணக்கில் எழுதியதற்கு நூலக அலமாரி எதுவும் இல்லை. ஃபேஸ்புக் நிறுவனம் 2016இல் 'வொர்க்பிளேஸ்' என்று அலுவலகங்களுக்கு ஒரு தளம் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அதை மூடப் போவதாக அறிவித்தார்கள். 2025 ஆகஸ்ட் வரை எழுதலாம், 2026 மே வரை வாசிக்க மட்டும், அதன் பின் அழிப்பு.

நான் வேலை செய்யும் இடத்தின் பெயர் வேண்டாம். அங்கேயும் தளம் மாறியது. வேண்டியதை இரண்டு வாரத்துக்குள் பதிவிறக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு மின்னஞ்சல். சம்பளக் கோப்புகள் புதிய தளத்துக்கு வந்தன, வலைப்பூக்கள் வரவில்லை. புதிய சேனலில் எழுதினால் ஒப்புதல் வாங்கித்தான் வெளியாகும். துப்புரவு செய்பவர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் கணக்கே கிடையாது, அவர்கள் கான்ட்ராக்ட்.

கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் தீபாவளிக்கு அந்தச் சேனலில் எழுத ஆசைப்பட்டார். பால்மரம் சீவப் போன தன் அம்மாவைப் பற்றி. விடியுமுன் பெரட்டில் நிற்பது, கிராணி பெயர் கூப்பிடுவது, ஐந்து நிமிடம் பிந்தினால் அரைநாள் சம்பளம் போவது, அப்படிப் போன ஒரு நாளில் அம்மா வீட்டுக்கு வராமல் ஆற்றோரம் உட்கார்ந்திருந்தது. தமிழில் எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் கேட்டார்கள். மகள் மொழிபெயர்த்துக் கொடுத்தாள். வெளிவந்தபோது பாதிதான் இருந்தது. சம்பளம் வெட்டியதும் ஆற்றோரமும் இல்லை. விளக்கும் முறுக்கும் இருந்தன. 76 பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

"நெகட்டிவ்வா இருக்காம் தம்பி. பண்டிகைக்கு வேணாம்னு சொன்னாங்க. நல்லாத்தான் பேசுனாங்க" என்றார். கோபமில்லை. முதன்முதலாக எழுதியதை எழுபது பேர் படித்த சந்தோஷம்கூட இருந்தது.

தமிழில் எழுதிய மூலம் அவர் கைப்பேசியில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எனக்கும் அனுப்பினார். நான்கு பக்கம் வரும். இந்த இதழுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். "பேரு போடாம வருமா?" என்று கேட்டார். ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.